மாப்பிள்ளை விழுங்கிய காது

ரயில் நிலையத்தில் அவளுக்கு மைக்கம்மா என்று பெயர். அறிவிப்பு அறை என்பது டிக்கெட் கவுண்ட்டருக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில் இருந்த ஒரு பொந்து. ஒரு மேசை, ஒரு மைக், பிளாட்பாரத்தைப் பார்க்கக் கையகலத்துக்கு ஒரு கண்ணாடி, ஒரு பக்கமாகச் சாயும் சுழல் நாற்காலி. அங்கே உட்கார்ந்துகொண்டுதான் அவள் ஊர் ஜனத்தையெல்லாம் வண்டி ஏற்றிவிட்டாள். பயணிகளில் முக்கால்வாசிப் பேர் அந்தக் குரலை இயந்திரம் என்றே நினைத்திருந்தார்கள். ஒருநாள் மைக்கை அணைக்க மறந்து தும்மிவிட்டாள். மிஷினுக்குக்கூட ஜலதோஷம் பிடிக்கிற காலம் வந்துவிட்டது என்று ஒரு பெரியவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டே அலுத்துக்கொண்டாராம்.

அவள் குரலில் ஒரு விசேஷம் உண்டு. மற்றவர்களுக்குப் பயம் வந்தால் குரல் உடையும், நாக்கு குழறும். அவளுக்கு நேர்மாறு. பயம் ஏற ஏறக் குரல் இஸ்திரி போட்டதுபோல் ஆகிவிடும். கல்யாணமான புதிதில் சமையலறைத் திரைச்சீலையில் தீப்பிடித்தபோது, "சமையலறையில் தீப்பிடித்துள்ளது. வீட்டில் உள்ளவர்கள் உடனடியாக வெளியேறுமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்றாள். கூடத்தில் இருந்த கணவர் அது தொலைக்காட்சிச் செய்தி என்று நினைத்து, சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். திரைச்சீலையோடு அவருடைய ஒரு சட்டையும் போனது. அன்றிலிருந்து அவள் எவ்வளவு நிதானமாகப் பேசுகிறாளோ அவ்வளவு அவருக்குப் பயம் கூடும்.

கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவருடைய காரில், பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவர் தப்பு செய்தால் இவர் மிதிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இவர் தப்பு நடப்பதற்கு முன்பே மிதித்துவிடுவார். ஆகவே பிரேக் மாஸ்டர் என்று பெயர் விழுந்துவிட்டது. ஆள் ஆஜானுபாகு. மனசு மட்டும் குருவி.

மூன்றாவது ஆள் மாமனார். அச்சகத்தில் பெரிய இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்று வேலை பார்த்து, காதை அதற்கே கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். காதுக்கு மிஷின் மாட்டிய பிறகு உலகமே மாறிப்போனது என்பார். பிடித்த பேச்சென்றால் மிஷினைத் தடவிச் சத்தத்தைக் கூட்டிக்கொள்வார். பிடிக்காத பேச்சென்றால் கழற்றிக் கீழே வைத்துவிடுவார். அதற்குமேல் அவரிடம் யாரும் வாதம் பண்ண முடியாது.

நாலாவது ஆள்தான் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை, பிளாட்பாரத்தில் ஒலிபெருக்கிக்கு நேர் கீழே படுத்துக் கிடந்த ஒரு பழுப்பு நிற நாய். வண்டி வந்தாலும் எழுந்திருக்காது. பிஸ்கட் போட்டாலும் தலையைத் தூக்காது. மைக்கம்மாவின் குரல் வந்தால் மட்டும் காது இரண்டும் நிமிரும், வால் தரையைப் பெருக்கும். மைக்கம்மா நேரில் போய்க் கூப்பிட்டபோது, யாரோ என்று திரும்பிப் படுத்துக்கொண்டது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவள் சொன்ன பிறகுதான் எழுந்து பின்னாலேயே வீடுவரை வந்தது. வந்த அன்றைக்கே கூடத்தில் இருந்த ஒரே சாய்வு நாற்காலியில் ஏறி, வைத்ததைத் தின்று, முன்கால் ஒன்றின்மேல் இன்னொன்றைப் போட்டுக்கொண்டு எல்லோரையும் மேலும் கீழும் பார்த்தது. "புது மாப்பிள்ளை மாதிரி இல்ல உக்காந்திருக்காரு" என்றார் மாமனார். பெயர் நிலைத்துவிட்டது. பெயரோடு மரியாதையும் ஒட்டிக்கொண்டது. அந்த வீட்டில் அவரை அது இது என்று யாரும் சொல்வதில்லை. நாமும் சொல்ல வேண்டாம்.

அன்று மைக்கம்மாவுக்கு விடுமுறை. மத்தியானச் சாப்பாடு முடிந்தும் மாமனார் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். போன மாதம்தான் டாக்டர் அதைத் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார். மைக்கம்மா அதை ஞாபகப்படுத்தினாள். மாமனார் காது மிஷினைக் கழற்றி, ரொட்டித் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுச் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். அவள் தலையில் அடித்துக்கொண்டு துணி காயப்போடப் போனாள்.

திரும்பி வந்தபோது தட்டு, கழுவி வைத்ததுபோல் பளபளவென்றிருந்தது. ரொட்டி இல்லை, வெண்ணெய் இல்லை, மிஷினும் இல்லை. விசில் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த மிஷினுக்கு ஒரு குணம். காதில் ஒழுங்காக உட்காராவிட்டால் மெலிதாக விசில் அடிக்கும். அதைத் தொலைத்தபோதெல்லாம் அந்த விசிலை வைத்துத்தான் கண்டுபிடிப்பாள். அன்றும் தேட ஆரம்பித்தாள். செய்தித்தாளைத் தூக்கிப் பார்த்தாள், மாமனாரின் சட்டைப்பையைத் தடவினாள். விசில் கூடத்திலிருந்து நடைக்குப் போனது. நடைக்குப் போனால் குளியலறை வாசலில் கேட்டது. அங்கே போனால் சாப்பாட்டு மேசைக்கு அடியில் கேட்டது. மாமனாரோ, வீட்டில் எல்லோருக்கும் கேட்கிற ஒரு சத்தம் தனக்கு மட்டும் கேட்கவில்லை என்பதே தெரியாமல், மருமகள் எதற்கு இப்படி வீட்டைச் சுற்றி வருகிறாள் என்று வேடிக்கை பார்த்தார். கடைசியில் அவள் முட்டிபோட்டு மேசைக்கு அடியில் தலையை நுழைத்தாள். உள்ளே மாப்பிள்ளை இருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மாப்பிள்ளை வாயைத் திறந்தார். விசில் பலமாகக் கேட்டது. வாயை மூடினார். அடங்கிவிட்டது.

சிரிப்பு வந்திருக்க வேண்டிய நேரம்தான். ஆனால் உடனே மாப்பிள்ளையின் முதுகு வில்லாக வளைந்தது. குமட்டினார், ஒன்றும் வெளியே வரவில்லை. வாயிலிருந்து நுரை நூலாக வழிந்தது. ஈறுகள் வெளுத்திருந்தன. மைக்கம்மாவுக்குக் கையும் காலும் ஓடவில்லை. குரல் மட்டும் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தது.

கால்நடை மருத்துவமனைக்குப் போன் போட்டாள். "வணக்கம். எங்கள் இல்லத்தைச் சேர்ந்த மாப்பிள்ளை ஒரு காது கேட்கும் கருவியை விழுங்கியுள்ளார்" என்று தொடங்கினாள். வரவேற்பில் இருந்த பெண், இது ஏதோ விளம்பரம் என்று போனை வைத்துவிட்டாள். மறுபடியும் போட்டாள். பதற்றம் கூடியிருந்ததால் குரல் இன்னும் சுத்தமாக வந்தது. இந்தத் தடவை அந்தப் பெண் கொஞ்சம் பொறுமையாகவே கேட்டாள். ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும் என்று எதுவும் வராததால் வைத்துவிட்டாள்.

அதற்குள் மாமனாருக்கு விஷயம் அரைகுறையாகப் புரிந்திருந்தது. போனைப் பிடுங்கி, அந்தக் காலத்தில் அச்சு இயந்திரத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டையால், "மாப்பிள்ளை என் காதை முழுங்கிட்டாரும்மா" என்றார். பேசியது மனிதர் என்பதில் அந்தப் பெண்ணுக்கு இப்போது சந்தேகமில்லை. இது விலங்குகளுக்கான ஆஸ்பத்திரி, குடும்பச் சண்டையென்றால் போலீசுக்குப் போங்கள் என்று சொன்னாள். மாமனாருக்கு அதில் ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. "ரொம்ப நன்றிம்மா, இதோ கிளம்பிட்டோம்" என்று போனை வைத்துவிட்டு, "வரச் சொல்லிட்டாங்க" என்று மருமகளிடம் சொன்னார்.

மைக்கம்மா கணவருக்குப் போன் செய்தாள். "ஏங்க, மாப்பிள்ளை மாமாவோட காது மிஷினை முழுங்கிட்டாரு. தாங்கள் உடனடியாக வீட்டிற்கு வரவும்" என்றாள். அந்தத் "தாங்கள்" போதுமாக இருந்தது. என்ன, ஏது என்று அவர் கேட்கவே இல்லை.

கார் வந்து நின்றது. ஓட்டிவந்தது பிரேக் மாஸ்டர் இல்லை. பாடம் நடந்துகொண்டிருந்தது அன்று. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர். கார் கற்றுக்கொள்ள ஆரம்பித்து வெகுநாளாகியும் இரண்டாவது கியரைத் தாண்டாதவர். ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு, டீச்சரைப் பின்னால் உட்காரவைத்துத் தானே ஓட்டுவதாகத்தான் மாஸ்டரின் திட்டம். ஆனால் இறங்கிவந்து மாப்பிள்ளையின் வாயைப் பார்த்ததும் அந்தத் திட்டம் காற்றில் பறந்தது. சாவியை இரண்டு கையாலும் பிடித்தும் துவாரத்துக்குள் நுழையவில்லை. டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "நானே ஓட்டறேன் மாஸ்டர். நீங்க தள்ளி உக்காருங்க" என்றார்.

பின் இருக்கையில் மைக்கம்மா, மடியில் துண்டு, துண்டின்மேல் மாப்பிள்ளை, பக்கத்தில் மாமனார். முன்னால் மாஸ்டரும் டீச்சரும். கார் கிளம்பியது. விசிலும் கூடவே கிளம்பியது. என்ஜினில் ஏதோ கோளாறு என்று டீச்சர் நினைத்துக்கொண்டார், கேட்க நேரமில்லாததால் கேட்கவில்லை. முதல் திருப்பத்தில் ஒரு சைக்கிள் தென்பட்டது. அது எங்கேயோ தூரத்தில் இருந்தது. மாஸ்டர் பிரேக்கை மிதித்தார். கார் குலுங்கி நின்றது. டீச்சர் மறுபடியும் கிளப்பினார். அடுத்து ஒரு தபால் பெட்டி தென்பட்டது. அதற்கும் மிதித்தார். நாற்சந்தியின் நடுவில், நான்கு பக்கமும் வண்டிகள் ஹாரன் அடிக்க, கார் அசையாமல் நின்றுவிட்டது. "ஏன் யாரும் ஒண்ணும் பேச மாட்டேங்கறீங்க?" என்றார் மாமனார், அந்த ஹாரன் மழைக்கு நடுவில்.

மடியில் மாப்பிள்ளையின் மூச்சு குட்டையாகிக்கொண்டே வந்தது. அவருடைய வயிறு தன் தொடைமேல் துடிப்பதை மைக்கம்மா உணர்ந்தாள். இனி இந்தக் காரை இவர்கள் இருவரிடமும் விட்டுவைக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

"முன் இருக்கையில் அமர்ந்திருப்பவர், தமது இரு கால்களையும் தூக்கி இருக்கையின்மேல் வைத்துக்கொள்ளவும்" என்றாள்.

மாஸ்டர் மறுபேச்சில்லாமல் காலைத் தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"வண்டி தற்போது புறப்படும். அடுத்து வருவது பள்ளிக்கூடச் சந்திப்பு. அங்கே வண்டி இடதுபுறம் திரும்பும்."

டீச்சரின் தோள் இறங்கியது. பிள்ளைகள் சத்தம் போடும் வகுப்பில் எத்தனையோ வருஷம் நின்றவர் அவர். தெளிவாக ஒருவர் சொல்லக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று பிறகு மைக்கம்மாவிடம் சொன்னார். பள்ளிக்கூடச் சந்திப்பில் கார் அழகாக இடதுபுறம் திரும்பியது. பாலத்தில் ஏறும்போது வாழ்க்கையில் முதல்முறையாக மூன்றாவது கியர் விழுந்தது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத பிரேக்கை மனசுக்குள் மிதித்துக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் அவள் "வணக்கம்" என்று சொன்னதுதான் தாமதம், வரவேற்பில் இருந்த பெண் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "நீங்களா அது? ரெக்கார்டுன்னு நெனச்சுட்டேங்க" என்று சொல்லும்போதே அவள் முகம் வாடிவிட்டது. அவளே ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தாள்.

டாக்டர் கட்டைகுட்டையான அம்மாள். பேச்சைச் சில்லறை மாதிரி எண்ணிக் கொடுப்பவர். மாப்பிள்ளையின் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார், வைத்த வேகத்தில் காதிலிருந்து பிடுங்கினார். விசில் அவருடைய மண்டைக்குள் பாய்ந்திருந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில், மாப்பிள்ளையின் வயிற்றுக்குள் மாமனாரின் காது மிஷின் அலுங்காமல் நலுங்காமல் படுத்திருந்தது.

"மிஷின் பெரிசில்ல. உள்ள இருக்கற பேட்டரிதான் ஆபத்து. கசிய ஆரம்பிச்சா வயித்தை அரிச்சிடும்" என்றார் டாக்டர். "வாய்வழியா எடுக்கற இடத்துல இல்லை. வயித்தைத் திறக்கணும்."

"பொழச்சுக்குவாரா டாக்டர்?"

"தாமதிக்காம கொண்டுவந்திருக்கீங்க. இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும்."

மயக்க ஊசி போட வந்தபோது மாப்பிள்ளை முரண்டு பிடித்தார். மேசையிலிருந்து குதித்து அலமாரிக்கு அடியில் புகுந்துகொண்டு, வாழ்நாளில் முதல்முறையாகப் பல்லைக் காட்டி உறுமினார். உறுமலும் விசிலும் சேர்ந்து வந்தன. மாமனார் கூப்பிட்டார், மாஸ்டர் கெஞ்சினார், டீச்சர் அதட்டினார். எதற்கும் அசையவில்லை. இவர் யார் சொன்னால் கேட்பார் என்று டாக்டர் கேட்டார். மைக்கம்மா தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும், எப்போதும் எதிரில் இருக்கும் மைக் இல்லாததால் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மடியில் கோத்து வைத்துக்கொண்டாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்தாள்.

காலை வண்டியிலிருந்து தொடங்கினாள். எந்த வண்டி எந்தப் பிளாட்பாரம், எங்கெங்கே நிற்கும், எதில் உணவுப் பெட்டி உண்டு, எதில் இல்லை. கதவு திறந்திருந்ததால் குரல் வெளிக்கூடத்துக்கும் போனது. கூண்டில் கிளி வைத்திருந்த ஒருவர் தன்னை அறியாமல் கூண்டைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய், அங்கே நின்று யோசித்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். அன்றைய வண்டிகள் தீர்ந்துபோயின. ரத்தான வண்டிகளை ஆரம்பித்தாள். அதுவும் போதாமல் எப்போதோ நிறுத்தப்பட்ட வண்டிகளையெல்லாம் மறுபடி ஓடவிட்டாள். அலமாரிக்கு அடியில் முதலில் உறுமல் நின்றது. பிறகு ஒரு மூக்கு வெளியே வந்தது. தரையோடு தரையாக ஊர்ந்து வந்து, அவள் முழங்காலில் தாடையை வைத்தார் மாப்பிள்ளை. டாக்டர் குனிந்து ஊசியைப் போட்டார். கண் செருகும்வரை அவள் நிறுத்தவில்லை. வண்டி வருந்தத்தக்க வகையில் தாமதமாக வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லும்போதுதான் அவளுடைய கோத்த விரல்கள் வெளுத்துப்போயிருப்பதை டீச்சர் கவனித்து, தன் கையை அதன்மேல் வைத்தார்.

அறுவை நடந்த நேரம் முழுக்க நால்வரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டர் அங்கேயும் சம்மணம் போட்டுத்தான் உட்கார்ந்திருந்தார், காலை இறக்கலாம் என்று யாரும் சொல்லாததால். கூடத்தில் ஒரு பூனை, அந்தக் கிளி, ஒரு ஆமை, அவற்றின் சொந்தக்காரர்கள். மாமனார் மருமகள் பக்கம் திரும்பினார். அவர் ரகசியம் பேசுவதாகத்தான் நினைத்தார்.

"அம்மாடி, நீ வெண்ணெய் வேண்டாம்னு சொன்னது எனக்கு நல்லாவே கேட்டுச்சு. கேட்டதாலதான் கழட்டினேன்."

கூடம் முழுக்கக் கேட்டது. ஆமைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மைக்கம்மா மாமனாரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். 

டாக்டர் வெளியே வந்தார். கையில் ஒரு தட்டு, தட்டில் மிஷின். விசில் தீனமாக இன்னும் வந்துகொண்டிருந்தது. பேட்டரியின் மேல்தோல் கறுத்துப்போயிருந்தது, அரிப்பு வயிற்றின் உள்சுவரை லேசாகத்தான் தொட்டிருக்கிறது, தேறிவிடுவார் என்றார். மாஸ்டர் அழுதார். மாமனார் தட்டை உற்றுப் பார்த்து, இதைக் கழுவி மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். டாக்டர் அவரையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மாப்பிள்ளை கழுத்தில் பிளாஸ்டிக் கூம்போடு வீட்டுக்கு வந்தார். கூம்பு கதவில் இடித்தது, சுவரில் இடித்தது, தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்தது. சாய்வு நாற்காலியை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. டீச்சர் கொஞ்ச நாளில் லைசென்ஸ் தேர்வுக்குப் போனார். பின் இருக்கையில் மைக்கம்மா உட்கார்ந்து வழி சொல்லலாமா என்று அதிகாரியிடம் கேட்டுப் பார்த்தார். கூடாது என்றார் அதிகாரி. பாதி வழியில் டீச்சர் தனக்குத்தானே அறிவிப்பு செய்துகொண்டு ஓட்டித் தேறிவிட்டார்.

மைக்கம்மாவுக்குத்தான் வேலைக்குத் திரும்பிய அன்று ஒன்று நடந்தது. சாதாரண வண்டி, சரியான நேரம், சரியான பிளாட்பாரம். மைக்கைப் போட்டு வாயைத் திறந்தாள். குரல் நடுங்கியது. "வண்டி" என்ற வார்த்தையே மூன்று துண்டாக வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன அன்று முழுக்கக் காட்டாத பயம், ஆபத்தெல்லாம் போன பிறகு, யாரும் கூப்பிடாமலே வந்து நின்றது. பிளாட்பாரத்தில் தூக்கிய பெட்டிகளெல்லாம் கீழே இறங்கின. மிஷினே அழுகிறது என்றால் ஏதோ பெரிய விபத்து என்று ஜனம் முடிவுகட்டிவிட்டது. பலர் வீட்டுக்குப் போன் போட்டு, தாங்கள் உயிரோடுதான் இருக்கிறோம் என்று சொன்னார்கள். வண்டி சமர்த்தாக வந்து நின்றபோது அதில் ஏற ஒருவரும் தயாராக இல்லை. நிலைய அதிகாரி மூச்சிரைக்க மாடிப்படிக்கு அடியில் வந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"வீட்ல மாப்பிள்ளைக்கு ஆபரேஷன் சார்" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

நிலைய அதிகாரி மேற்கொண்டு கேட்பது நாகரிகமில்லை என்று நினைப்பவர். உடனே விடுப்பு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் அழைப்பு மணி அடித்தது. மாமனாருக்குக் கேட்கவில்லை, ஆனால் மாப்பிள்ளையின் கூம்பு வாசல் பக்கம் திரும்பியதைப் பார்த்து எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். சலவை மடிப்பு கலையாத சீருடையில் நிலைய அதிகாரி, அவருக்குப் பின்னால் டிக்கெட் கவுண்ட்டர் பெண். அதிகாரியின் கையில் ஒரு பை நிறைய ஆப்பிள்.

"மாப்பிள்ளையைப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம்" என்றார் அதிகாரி. சொன்னது கேட்காவிட்டாலும், ஆப்பிளைப் பார்த்து மாமனார் விஷயத்தைப் புரிந்துகொண்டார். "உள்ளதான் இருக்காரு, வாங்க" என்று கூட்டிப்போய்ச் சாய்வு நாற்காலிக்கு எதிரே இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டார்.

மைக்கம்மா சமையலறையிலிருந்து வந்து பார்த்தபோது அதிகாரி நாற்காலியில் பாதி உட்கார்ந்தும் உட்காராமலும் இருந்தார். கவுண்ட்டர் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரில் இருந்த காலண்டரைப் படித்தாள். கூம்புக்குள்ளிருந்து மாப்பிள்ளை வந்தவர்களை மேலும் கீழும் பார்த்தார். அதிகாரி ஒரு முடிவுக்கு வந்தவராக முழுதாக உட்கார்ந்தார். ஆப்பிள் பையை நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இப்ப எப்படி இருக்காரு?" என்று மைக்கம்மாவைக் கேட்டார்.

"தேவலை சார். தையல் ஆறிட்டு வருது."

"சாப்பாடு?"

"குழைச்ச சோறுதான் சார், கொஞ்சம் கொஞ்சமா."

"அதுதான் நல்லது. அவசரப்படக் கூடாது" என்றார் அதிகாரி. தன் மைத்துனருக்கு வயிற்றில் அறுவை நடந்ததையும், அவர் அவசரப்பட்டு விருந்துக்குப் போய் அவதிப்பட்டதையும் விரிவாகச் சொன்னார். மாப்பிள்ளை கடைசிவரை கேட்டார். மாமனார் ஆப்பிளை நறுக்கி எல்லோருக்கும் கொடுத்தார். காப்பி குடித்து முடித்து எழுந்த அதிகாரி, வாசல்வரை போய்விட்டு ஏதோ மறந்தவர்போல் திரும்பி வந்தார். சாய்வு நாற்காலிக்கு முன்னால் நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"அப்ப நான் போயிட்டு வரேங்க. உடம்பைப் பாத்துக்குங்க" என்று மாப்பிள்ளையிடமும் சொல்லிக்கொண்டுதான் கிளம்பினார்.